பென்சில் கடையும் ஒன்பதாம் பிரிவும்

பிப்ரவரி 4

சட்டத்துறையின் சக்கரவர்த்தினியும், மசோதாக்களின் மாதாவும், என் ஒரே அக்காளின் ஒரே மகளுமான மருமகளுக்கு,

இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். பம்ப் ஹவுஸில் முப்பத்தோரு வருஷம் வால்வு திருப்பிய இந்தக் கையால் சத்தியம் செய்கிறேன், நீயும் நம்பமாட்டாய். நம்பும்படி எழுத நான் என்ன அரசாங்க உத்தியோகத்திலா இருக்கிறேன்?

போனை எடுப்பதில்லை என்று நீ சபதம் செய்துவிட்டதால் எழுதுகிறேன். போன வியாழக்கிழமை காலை நம் பொடிசு தன் ஜியோமெட்ரி பெட்டியைத் திறந்தாள். பொடிசு என்றால் தெரியுமல்லவா? தலைநகரில் ஒற்றை அறையில் குடியிருக்கும் தாய் ஒருத்தி, இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் விட்டுவைத்திருக்கும் எட்டாம் வகுப்பு மாணவி. பெட்டி திறந்ததுதான் தாமதம், ஒரு வாசனை கிளம்பியது பார், மூன்று தெரு தாண்டி ஆட்கள் ஓடி வந்து, "இங்க ஜாம் ஃபேக்டரி எப்ப ஆரம்பிச்சாங்க?" என்று கேட்டார்கள். தீயணைப்பு வண்டி வந்தது. வந்தவர்கள் ரொட்டி இருக்கிறதா என்று விசாரித்தார்கள்.

பெட்டிக்குள் காம்பஸுக்கும் பாகைமானிக்கும் நடுவே ஒரு சிகரெட் படுத்திருந்தது. ஒல்லி. ரோஸ் கலர் தாள். ஸ்ட்ராபெர்ரி வாசனை.

எங்கே வாங்கினாள் என்று கேள். பள்ளி வாசலுக்கு எதிரே இருக்கும் பென்சில் கடையில். வாசலிலிருந்து என் நடையில் பதினாலு எட்டு, அவள் நடையில் பத்தொன்பது. ரப்பர், ஸ்கேல், லேபிள், பக்கத்தில் கண்ணாடி ஜாடி. ஜாடிக்குள் இந்த ரோஸ் சாமான். ஒவ்வொன்றாக விற்கிறான்.

நகராட்சியின் ஒன்பதாம் வார்டு உறுப்பினன் என்ற முறையில் அன்றே ஒரு தீர்மானம் எழுதிவிட்டேன். பள்ளியிலிருந்து நூறு மீட்டருக்குள் எந்தக் கடையிலும் புகையிலை விற்கக்கூடாது. எழுதி நிமிர்ந்தால் பேப்பரில் ஒரு புது மசோதாவைப் பற்றிச் செய்தி. புகையிலை விற்பனையைப் பற்றி விதி போடும் அதிகாரம் இனி மாநில அரசுக்கு மட்டும்தானாம். ஊருக்கு ஊர் நகராட்சி போட்ட விதியெல்லாம் ஒன்பதாம் பிரிவின்படி செல்லாதாம்.

அந்த மசோதாவை எழுதும் பிரிவில் உட்கார்ந்திருப்பது யார் என்பது இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
நீரேற்று நிலையத்தின் ஓய்வுபெற்ற ஏகச் சக்கரவர்த்தி,
மாமா


பிப்ரவரி 9

மாமா,

முதலில் ஒரு விஷயம். நீங்கள் என் அலுவலகத்துக்கு நாலு முறை போன் செய்து, "மாநில அரசின் தாய்மாமன் பேசுறேன்" என்று சொல்லியிருக்கிறீர்கள். நாலாவது முறை எடுத்தது என் மேலதிகாரி. மசோதா நிலுவையில் இருக்கும்போது நகராட்சி உறுப்பினர் ஒருவர் வரைவுப் பிரிவுக்குப் போன் செய்வது தவறு. எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. கடிதம் எழுதுங்கள், வீட்டு முகவரிக்கு. ஒரு தாளுக்கு மேல் வேண்டாம்.

இரண்டாவது. தொட்டியில் முதலை இருக்கிறது என்று நீங்கள் சொன்னதை நம்பி, பத்து வயது வரை குழாயைத் திறக்க அழுதவள் நான். உங்கள் தீர்மானம் நிறைவேற வேண்டும் என்பதற்காக என் பெண்ணின் பெட்டியில் சிகரெட் வைத்துக் கதை கட்டுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஜாம் ஃபேக்டரிவரை எழுதிவிட்டு நம்பு என்றால் எப்படி நம்புவது?

மூன்றாவது, மசோதா. ஒரு ஊரில் நூறு மீட்டர், அடுத்த ஊரில் ஐம்பது, அதற்கடுத்த ஊரில் விதியே இல்லை. கடைக்காரர்கள் ஊர் ஊராக வழக்குப் போடுகிறார்கள், வக்கீல் வைக்க வழியில்லாத நகராட்சிகள் தோற்கின்றன. அதனால் மாநிலம் முழுவதற்கும் ஒரே சட்டம். பதினெட்டு வயதுக்குக் கீழே விற்றால் உரிமம் ரத்து. இதில் என்ன தப்பு?

ஒன்பதாம் பிரிவு என் யோசனை இல்லை. எழுதச் சொன்னார்கள், எழுதினேன்.

அத்தையின் முட்டிவலி எப்படி இருக்கிறது?


பிப்ரவரி 14

மெமோ வாங்கிய மாதரசிக்கு,

உன் மேலதிகாரி குரலில் நல்ல கனம். வால்வு திருகும்போது வரும் சத்தம் போல இருந்தது. அவரைக் கேட்டதாகச் சொல்.

மாநிலத்தின் கை நீளம், ஒப்புக்கொள்கிறேன். அவ்வளவு நீளக் கைக்கு நுனியில் விரல் இருக்கிறதா? பதினெட்டு வயசுப் பலகை பென்சில் கடையில் ஏற்கெனவே தொங்குகிறது. ஜாடியைத் துடைக்கும் துணியை அந்த ஆணியில்தான் மாட்டுகிறான். நேற்று நேரிலேயே போய்க் கேட்டேன்.

"ஏம்ப்பா, பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு இதக் குடுக்குறியே, நியாயமா?"

"வயசு கேட்டுத்தான் குடுக்குறேன் அண்ணே."

"என்ன வயசு சொல்றாங்க?"

"பத்தொம்பது."

"யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு வர்ற பிள்ளைக்குப் பத்தொம்பதா?"

"ஃபெயிலாயிருக்கும்ணே."

இவனிடம் உன் மாநிலம் வந்து வயசு கேட்கப்போகிறதா? எத்தனை மணிக்கு வரும்? மூன்று நாற்பதுக்குப் பள்ளி விடும். மூன்று ஐம்பத்தைந்துக்கு ஜாடி காலி. அந்தக் கால் மணி நேரத்துக்குத் தலைநகரிலிருந்து ராக்கெட் விட்டால்தான் உண்டு. எங்களுக்கு வயசு கேட்கவே வேண்டாம், ஜாடி அங்கே இருக்கக்கூடாது. வந்து டேப் பிடித்து அளந்தால் முடிந்தது.

என்னைப் பொய்யன் என்றாய். முதலை விஷயத்தில் அது நியாயம். இப்போது உன் அத்தையிடம் கேள். அவள் கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு பொய் சொன்னதில்லை. அதனால் எனக்கு ஆன நஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல.

இப்படிக்கு,
அவநம்பிக்கையால் அடிபட்டு, அரை டம்ளர் டீயில் உயிர் தரித்திருக்கும்,
மாமா


பிப்ரவரி 20

மாமா,

அத்தையிடம் பேசினேன். "ஜாம் ஃபேக்டரி பொய். தீயணைப்பு வண்டி பொய். சிகரெட்டு நெசம்" என்றார்.

பிறகு என் பெண்ணிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். சிகரெட்டைப் பற்றிக் கேட்டேன். "சும்மாதான்மா. மூணு தடவைதான். எல்லாரும் வாங்குறாங்க. மிட்டாய் மாதிரிதான் இருக்கும்" என்றாள். ஒரு தடவை என்று சொல்லுவாள் என எதிர்பார்த்திருந்தேன். மூன்று என்றாள். நான் மசோதாவின் எட்டாவது பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். என்ன திருத்தினேன் என்று இப்போது ஞாபகம் இல்லை.

உங்களை நம்பாததற்கு மன்னித்துவிடுங்கள். ஆனால் இப்படி எழுதுகிற ஆளை நம்பாதது என் குற்றம் மட்டுமல்ல.

இப்போது கவனமாகப் படியுங்கள். ஒன்பதாம் பிரிவை எடுக்க முடியாது. அது மேலே முடிவானது. ஆனால் அதில் ஒரு வரி சேர்க்கச் சம்மதம் வாங்கியிருக்கிறேன். மார்ச் 15க்குள் நிறைவேறி, நகராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட விதிகள் தொடர்ந்து செல்லும். எந்த ஊர் விதியாக இருந்தாலும் சரி. இந்த ஒரு வரிக்காக மூன்று அறைகளில், மூன்று பேர் முன்னால் நின்றேன். மூன்றாவது ஆள் உட்காரக்கூடச் சொல்லவில்லை. நாளைக்கு மசோதா அச்சாகி எல்லா நகராட்சிகளுக்கும் வரும், அதனால் இதை உங்களுக்குச் சொல்வதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

உங்கள் அடுத்த கூட்டம் மார்ச் 12. அதற்குப் பிறகு ஏப்ரலில்தான். இருபது பேரில் பதினாலு பேர் உங்கள் பக்கம் என்று அத்தை சொன்னார். அது போதும். நீங்கள் செய்ய வேண்டியது மிகக் குறைவு. தீர்மானத்தை வாசியுங்கள். உட்காருங்கள். ஓட்டெடுப்பில் கையைத் தூக்குங்கள். கையை இறக்குங்கள். வீட்டுக்குப் போங்கள்.

பேசாதீர்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன் மாமா, பேசாதீர்கள்.


மார்ச் 13

மருமகளே,

நேற்றைய கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டும். முதலில் நல்ல சேதி. மன்றத்தில் இதுவரை ஒருவரும் கேட்டிராத ஓர் உரையை நேற்று நான் நிகழ்த்தினேன். கூரையிலிருந்த புறாக்கள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டன. சுவரில் மாட்டியிருந்த முன்னாள் தலைவர்களின் படங்களில் இருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். புகையிலைச் செடி முளைத்த காலத்தில் தொடங்கி, நுரையீரலின் உள்கட்டமைப்பை நம் ஊர்க் குழாய்களோடு ஒப்பிட்டு, எந்த வால்வு அடைத்தால் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் நிற்கும் என்பதுவரை விளக்கினேன்.

ஒரு மணி நாற்பது நிமிஷம்.

நின்று பேசும் உறுப்பினரை, அவராக உட்காரும்வரை யாரும் உட்காரச் சொல்லக்கூடாது என்பது எங்கள் மன்றத்தின் விதி. வேறு எந்த ஊரிலும் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் நானே போராடிக் கொண்டுவந்தது. அதனால் தலைவர் வாயைத் திறக்கவில்லை. மணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மணியைப் பார்த்தார். உறுப்பினர்கள் ஒவ்வொருவராக டீ குடிக்கப் போனார்கள். பஸ் பிடிக்க வேண்டியவர்கள் பஸ் பிடித்தார்கள்.

நான் உட்கார்ந்தபோது ஒன்பது பேர் இருந்தோம். பதினொரு பேர் இருந்தால்தான் ஓட்டெடுப்பு. ஆணையர் பேனாவை மூடினார். "அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுது" என்றார்.

அடுத்த கூட்டம் ஏப்ரல் 9.

மாமா


மார்ச் 17

மாமா,

ஒரு வேலை. வாயை மூடிக்கொண்டு கையைத் தூக்குகிற வேலை. பள்ளிக்கூடத்தில் ஒண்ணுக்குப் போகக் கேட்கிற பிள்ளைகூடச் செய்கிற வேலை.

கடிதத்தை மூன்று முறை படித்தேன். புறாக்களைப் பற்றி எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

மசோதா நேற்று நிறைவேறியது. ஏப்ரல் 1 முதல் அமல். நான் சேர்த்த அந்த வரியால் பதினேழு ஊர்களின் விதிகள் பிழைத்தன. எல்லாம் நான் பார்த்திராத ஊர்கள். என்னை வரைவுப் பிரிவிலிருந்து பழைய கோப்புகள் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். காரணம் சொல்லவில்லை. மூன்று அறைகளில் நின்றவளுக்குக் காரணம் தேவையுமில்லை.

என் பெண்ணை ஜூனில் இங்கே விடுதிப் பள்ளியில் சேர்க்கப்போகிறேன். வாரம் ஒரு நாள்தான் பார்க்க முடியும். ஆனால் வாசலில் ஜாடி இருக்காது.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.


மார்ச் 25

மருமகளே,

வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். இதில் புறா இல்லை.

அன்று நான் உன் சொல்படிதான் செய்தேன். தீர்மானத்தை வாசித்தேன். உட்காரப் போனேன். பார்வையாளர் பெஞ்சில் பென்சில்காரன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு வேண்டிய உறுப்பினர் ஒருவர், நாலாம் வார்டு, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"பிள்ளைங்க வாங்குதுன்னு சொல்றீங்களே, எந்தப் பிள்ளை? ஒரு பேர் சொல்லுங்க பாப்போம்."

நான் மறுபடி நின்றேன்.

"பேர் எதுக்கு?" என்றேன்.

"பேர் இல்லன்னா கட்டுக்கதை. உங்களுக்குத்தான் அது கைவந்த கலையாச்சே."

எல்லாரும் சிரித்தார்கள். என் பக்கத்துப் பதினாலு பேரும் சேர்த்துத்தான். பொடிசின் பேரைச் சொல்லியிருந்தால் கூட்டக் குறிப்பில் ஏறியிருக்கும். சாயங்காலத்துக்குள் பள்ளிவரை போயிருக்கும். அவள் மறுநாள் எந்த முகத்தோடு வகுப்புக்குப் போவாள்? சொல்லாமல் உட்கார்ந்தால் நான் புளுகினேன் என்று ஆகும், பதினாலும் பத்தாகும். அதனால் பேசினேன். அந்த ஒரு பெயரைத் தவிர எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் பேசினேன். எங்காவது ஓரிடத்தில் பெயரில்லாமலே அவர்களுக்கு உறைக்கும் என்று நினைத்தேன். உறைக்கவில்லை. அவர்களுக்குப் பசித்தது.

வாயால் பிழைத்தவனுக்கு வாயே வினை. உன் கோபம் சரி. விடுதி பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன், நீ தாய்.

அத்தையின் முட்டி பரவாயில்லை.

மாமா


ஏப்ரல் 19

மாமா,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. முதலில் கோபம் குறையவில்லை, பிறகு கோபப்பட ஆளை மாற்ற வேண்டியிருந்தது.

புதுச் சட்டத்தில் புகார் எண் ஒன்று இருக்கிறது. அந்தப் பிரிவு என் கையெழுத்தில் எழுதியது, பன்னிரண்டாம் பிரிவு. "எளிதில் அணுகத்தக்க" என்ற சொல்லைப் போட்டது நான்தான். போன வாரம் அந்த எண்ணுக்குப் பதினோரு முறை போன் செய்தேன். பத்து முறை பாட்டு. பதினோராவது முறை ஒரு பெண் எடுத்தாள். நம் ஊர் எந்த மண்டலம் என்று தேட அவளுக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. பன்னிரண்டு ஊர்களுக்கு ஒரே ஒரு ஆய்வாளராம். நம் ஊருக்கு நாலு மாதத்துக்கு ஒரு தரம், காலையில் வந்து மதியம் போய்விடுவாராம்.

"மூணு நாப்பதுக்குத்தான் விக்கிறாங்க" என்றேன்.

"அது எங்க நேரத்துல வராது மேடம்" என்றாள். பிறகு, "சரி, புகாரைப் பதிவு பண்ணிக்கிறேன். எந்தப் பிள்ளை வாங்குச்சு, பேர் சொல்லுங்க" என்றாள்.

நான் போனை வைத்துவிட்டேன் மாமா.

நூறு ஊர்களுக்கு நூறு விதி இருக்கக்கூடாது என்று நான் இன்னும் நினைக்கிறேன். பாவப்பட்ட ஊர்களுக்கு ஒரு சட்டம் பின்னால் நிற்க வேண்டும். ஆனால் மாநிலம் தரை போட்டால் போதும், அதற்கு மேல் சுவர் எழுப்ப ஊருக்கு உரிமை இருக்கட்டும் என்று எழுதியிருக்கலாம். அப்படி எழுத எனக்குத் தெரியும். ஒன்பதாம் பிரிவை எழுத எனக்கு நாற்பது நிமிஷம் ஆயிற்று. எதிர்த்து ஒரு வார்த்தை குறிப்பு எழுதவில்லை. நீங்கள் அதிகம் பேசினீர்கள். நான் பேசவே இல்லை.

விடுதி விண்ணப்பம் மேசையில் இருக்கிறது. நிரப்பிவிட்டேன், கையெழுத்துப் போடவில்லை. அவளிடம் கேட்டால், "உங்க இஷ்டம்" என்கிறாள். அதற்கு என்ன அர்த்தம் என்று பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

பென்சில் கடையில் இப்போது என்ன நிலவரம்? சுருக்கமாக எழுதுங்கள்.


ஏப்ரல் 26

பழைய கோப்புகளின் பட்டத்தரசிக்கு,

சுருக்கமாகத்தான் எழுதுகிறேன்.

சட்டத்தை மூன்று தடவை ஊன்றிப் படித்தேன். நகராட்சி விதி போடக்கூடாது என்று எழுதியிருக்கிறாய். நகராட்சி உறுப்பினர் ஒருவர் பொதுத் தெருவில், கண்ணாடி ஜாடிக்கு முன்னால் நிற்கக்கூடாது என்று எங்கும் எழுதவில்லை. கவனக்குறைவு.

ஏப்ரல் 2ஆம் தேதி மூன்று முப்பதுக்குப் போய் நின்றேன். பூமி அதிர்ந்தது. ஜாடியை என் முதுகு முழுசாக மறைத்தது. இந்த முதுகை இத்தனை வருஷம் உன் அத்தை குறைக்கச் சொன்னாள், நல்லவேளை கேட்கவில்லை. வாங்க வந்த பிள்ளைகளைப் பார்த்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசாமல் நிற்பதைப் பார்த்து ஊரே கதிகலங்கிவிட்டது. பெரிய டாக்டருக்குச் சொல்லி அனுப்பினார்கள். பயந்துபோன பிள்ளைகள் ரப்பர் வாங்கிக்கொண்டு ஓடின. அந்த வாரம் மட்டும் நாலாயிரம் ரப்பர் விற்றது.

மூன்றாம் நாள் பென்சில்காரன் வந்தான்.

"அண்ணே, யாவாரம் கெடுது. கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே."

"எத்தனை மீட்டர்?" என்றேன். கூட்டத்துக்குப் பிறகு நான் அவனிடம் பேசிய ஒரே பேச்சு அது.

இரண்டாம் வாரம் மாநிலம் மிரண்டுவிட்டது. தலைநகரிலிருந்து ஏழு கார்கள், இரண்டு ஹெலிகாப்டர். மந்திரி ஒருவர் இறங்கி வந்து என் காலைப் பார்த்துக் கண்ணீர் விட்டார். மூன்று முப்பதிலிருந்து நாலு மணிவரை நிற்கும் இந்தக் கால்களுக்கு அரசாங்கமே கடமைப்பட்டிருக்கிறது என்றார். எனக்கென்று ஒரு சிம்மாசனத்தைக் கொண்டுவந்து ஜாடிக்கு முன்னால் போட்டார்கள். பேண்டு வாத்தியம் முழங்கியது. நான் அமர்ந்தேன். கடைவீதியே எழுந்து நின்றது.

மருமகளே, கார் பொய். ஹெலிகாப்டர் பொய். மந்திரி பொய், நாலாயிரம் ரப்பரும் பொய்; பன்னிரண்டோ பதிமூன்றோதான் இருக்கும். பென்சில்காரனும் ஜாடியை எடுத்துவிடவில்லை. நான் நாலு மணிக்குப் போன பிறகு வருகிறவர்களுக்கு விற்கிறான்.

இருக்கை வந்தது மட்டும் உண்மை. பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கால் கொஞ்சம் ஆடும். நேற்றுச் சாயங்காலம் பள்ளி விட்டதும் வகுப்பிலிருந்து தலைமேல் வைத்துத் தூக்கிக்கொண்டு, தன் கூட்டாளிகள் அத்தனை பேரும் பார்க்க, தெருவைத் தாண்டி வந்தாள் உன் மகள். "நின்னுக்கிட்டே இருந்தா முட்டி போயிடும் தாத்தா, உக்காருங்க" என்றாள். நாலு மணிவரை பக்கத்திலேயே நின்றாள்.

மாமா